மோட்ச விளக்கும் அஞ்சாம் நம்பர் ஃபேனும்

ஃபேனை அஞ்சாம் நம்பரில் வைத்தது பேச்சிராஜாதான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. தாராவியில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறவன். துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணன் வீட்டுச் சின்ன அறையில் வேர்த்து வழிவதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஃபேனைக் கழற்றிக்கொண்டு போய்ப் புதுக் காயில் கட்டி, திரும்ப மாட்டி, எல்லோரும் பார்க்க ரெகுலேட்டரை ஒரே திருகாகத் திருகினான். இத்தனை வருடமாக மாவாட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் ஹெலிகாப்டராகக் கிளம்பியது. காலண்டர் பறந்தது. மூலையில், அண்ணன் மாரிக்கண்ணன் உயிர்விட்ட இடத்தில், பதினாறாம் நாள் வரை அணையாமல் எரியவேண்டிய மோட்ச விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

சிரித்தது அவன் மட்டும்தான். அதுவும் பழக்க தோஷத்தில்.

மதினி கோகிலவாணி தீப்பெட்டியை எடுத்து மறுபடி பொருத்தினாள். பேசுகிற வேலையை நம்பிராஜன் மாமா எடுத்துக்கொண்டார். சொந்தத்தில் எங்கே சாவு விழுந்தாலும் பாய் விரிக்குமுன் வந்து உட்கார்ந்து மேலுலகத்துக்கு வழி சொல்கிறவர் அவர்.

“கெடுத்துட்டியேல. அந்த வெளிச்சத்தப் பிடிச்சுல்லா அவன் போய்க்கிட்டிருந்தான். இப்பம் பாதி வழியில, இருட்டுக்குள்ள நிக்கான் ஒங்கண்ணன்.”

பேச்சிராஜா விடுவானா? செத்தவர்களைப் பற்றி உலகம் இதுவரை விட்ட கதைகளையெல்லாம், வேலையில்லாத மத்தியானங்களில் ஃபோனில் கேட்டுக் கேட்டு வயிறு முட்ட வைத்திருந்தான். எல்லாவற்றையும் மாமா மடியில் கொட்டினான். பாபிலோன்காரன், செத்தவன் ராஜாவோ கூலியோ, இருட்டறையில் அடைத்துத் தின்ன மண்ணைக் கொடுத்தான். எகிப்துக்காரன் மேலே நல்ல இடம் பார்த்து வைத்தான். ஆனால் முதலில் ராஜாவுக்கு மட்டும் அலாட்மெண்ட், அப்புறம் ஆபீசர்களுக்கு, பின்னால் சவப்பெட்டியில் மந்திரம் எழுத வசதியிருந்த எவனுக்கும். கிரேக்கன் ஓடக்காரனுக்கென்று பிணத்தின் வாயில் சில்லறை வைத்தான். நம் தாமிரபரணிக் கரையிலோ ஆளை மடக்கிப் பானைக்குள் உட்காரவைத்து, துணைக்கு நெல்லும் வைத்துப் புதைத்தார்கள். தாராவி ரூமுக்கு அப்போதே ரிகர்சல். எல்லோரும் பில்டர்கள்தான் மாமா, படம்போட்ட நோட்டீஸைக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டார்கள், சாவியைக் கையில் வாங்கினேன் என்று ஒருத்தனும் வந்து சொல்லவில்லை என்று முடித்தான்.

துக்க வீடென்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

ஜெயித்த வீரனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. கரண்ட் போனால் மாடி ரூமின் இரும்பு ஏணியில் தம்பி தோளைப் பிடித்துத்தான் இறங்குவார். ‘பாதி வழியில, இருட்டுக்குள்ள’ என்று அந்தக் கிழவர் எதை நினைத்துச் சொன்னாரோ, அது போய் நேராக அந்த ஏணியில் உட்கார்ந்துகொண்டது. வழியே கிடையாது என்கிறவனுக்கு, பாதி வழியில் நிற்கிற ஆளைப் பற்றி என்ன கவலை? தன்னைத்தானே கேவலமாக ஏசிப் பார்த்தான். ஏச்சு எடுபடவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்தாரா என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

கிரைண்டர் மோட்டார் கொடுக்கப்போன சாக்கில் மாட்டுங்காவில் ஒரு சாஸ்திரிகளைக் கேட்டான். அவர் எமலோக வழியில் வருகிற ஆற்றைச் சொன்னார், ஆற்றைக் கடக்கப் பிடிக்கிற பசுவின் வாலைச் சொன்னார். சேர்ந்தாரா என்றதற்கு, அதெல்லாம் அவாவா கர்மா என்றார். பக்கத்துப் பட்டறையில் பை தைக்கிற தப்ரேஸ், தங்கள் பக்கம் கப்ருக் குழிக்குள் வந்து கேள்வி கேட்கிறவர்களைப் பற்றிச் சொன்னான். உங்கள் பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது பாய் என்று டீ வாங்கிக் கொடுத்தான். அதுவரை கிடைத்ததில் உருப்படியானது அந்த டீதான்.

செம்பூரில் ஏசி ஹாலில் ஒரு சுவாமி ஆத்மாவைப் பற்றிப் பேசுகிறார் என்று அங்கேயும் போனான். கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்து, விளக்கு அணைந்த கதையைச் சொல்லிக் கேட்டான். சுவாமி கண்ணை மூடி, இனிமையாகச் சிரித்து, “கேட்கிற நீ யார்?” என்றார். ஹால் கைதட்டியது. பேச்சிராஜாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. காயில் கட்டுகிறவன்.

கடைசியில், பதினாறுக்கு முந்தின நாள், மதினி வீட்டுக்கே வந்து சேர்ந்தான். அவள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தட்டு வைத்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“மதினி, வெளையாட்டு இல்லாம ஒண்ணு கேக்கேன். நீங்களும் சுத்தி வளைக்காதீக. அண்ணன் போய்ச் சேந்துருப்பாரா? நான் இருட்டுல விட்டுட்டனா?”

கோகிலவாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

“நீங்க ஃபேன் போடுததுக்கு முன்னாடியே அந்த வெளக்கு எத்தனையோ மட்டம் அணைஞ்சிருக்கு தம்பி. அசந்து கண்ணடைச்சிருவேன், எண்ணெ வத்திப்போயிரும். ஒருத்தர்ட்டயும் சொல்லாமப் பொருத்தி வச்சேன்.”

“அப்பம் அண்ணன்?”

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“சயான் சுடுகாட்டுல எரிச்சோம். நீங்கதான கொள்ளி வச்சீக? அவுக எங்கயும் போவல, எங்கயும் நிக்கவும் இல்ல. ஒங்கண்ணன் இல்ல தம்பி. இனி எங்கயும் இல்ல.”