பதினொன்றாம் எண் சட்டை

காலை ஆறு மணிக்குக் கோச் ஹாரிகன் உடுப்பறைக் கதவைத் தட்டி, பதினொன்றாம் எண்ணுக்கு இனிமேல் வெள்ளைச் சட்டை மாட்டச் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. டெக்சாஸிலிருந்து வந்த புதுப் பையனின் பெயர் ஒரு வாரமாகவே அடிபட்டுக்கொண்டிருந்தது. இதை அந்த எண் போடுகிற கெண்டலிடம் நேரில் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையே என்றுதான் எனக்குக் கோபம். சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மாட்டுகிறவள் நானல்லவா.

இந்தப் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பதினெட்டு வருடமாகத் துணி துவைக்கிறேன். நெப்ராஸ்காவில் சனிக்கிழமை ஆட்டம் என்றால் கல்யாணத்தைக்கூடத் தள்ளிவைப்பார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் மட்டும் பயிற்சியில் சிவப்புச் சட்டை போடுவான். அவனை யாரும் மோதித் தள்ளக் கூடாது; வெள்ளை போட்டவனை மோதலாம். அவன் தோள் போனால் அந்த வருடமே போச்சு. கெண்டல் ஸ்ட்ரோப் அதை மூன்று வருடம் போட்டான். அறுநூறு பேர் இருக்கிற ஊரிலிருந்து வந்த சோளக்காட்டுப் பையன். முதல் வருடம் மாற்று ஆளாகப் பெஞ்சில். இரண்டாம் வருடம் ஏழு வெற்றி, அவன் முகம் போட்ட பேனர் கடைவீதி முழுக்க. மூன்றாம் வருடக் கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், பந்தை எதிராளி கையில் எறிந்தான். பேனரை மறுநாளே கழற்றிவிட்டார்கள்.

ஆறரைக்கு வந்த கெண்டல் தன் அலமாரி முன்னால் நின்றான்.

"மிஸ் வெர்னா, சட்டைய மாத்தி மாட்டிட்டீங்க."

"மாத்தலப்பா. கோச் சொன்னாரு."

சட்டையைத் தொடாமல் உட்கார்ந்தான். "அப்ப இனிமே எறியறது அவன். ஓடிப்போய்ப் புடிக்கிறது நான்."

"வேற காலேஜுக்குப் போயேன். சிவப்பு குடுப்பாங்க."

"ஓஹியோலேர்ந்து ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. ஆனா எங்கப்பா டிராக்டர்ல பறக்கறது இந்த டீம் கொடிதானே."

பழைய சிவப்புச் சட்டை என் கூடையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் அவன் வெள்ளையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டான்.

அன்று வேலையை விட்டுவிட்டு மைதானத்து ஓரத்தில் போய் நின்றேன். புதுப் பையன் எறிந்தான். கெண்டல் பிடித்துத் திரும்பினான். பந்து பிடித்தவனை மோதித் தள்ளுகிற நூற்று முப்பது கிலோ ஜமார் பாய்ந்து வந்து, ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டான். மூன்று வருடப் பழக்கம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

"ஏன்டா நிக்கற?" என்றான் கெண்டல்.

"கால் தானா நின்னுடுச்சு மச்சான்."

"சட்டையப் பாருடா. அடி."

மறுமுறை ஜமார் நிற்கவில்லை. மோதிய சத்தம் எனக்கே கேட்டது. கெண்டல் எழுந்திருக்க நேரமானது. தலைக்கவசக் கம்பியில் புல் செருகியிருந்தது. கோச் இருந்த பக்கம் திரும்பி, கையை உயர்த்திப் பந்தைக் காட்டினான். விழுந்தபோதும் அதை விடவே இல்லை.

மத்தியானம் துணிக்கூடை வந்தது. மூன்று வருடமாக அவன் சட்டையில் வியர்வை தவிர வேறெதுவும் இருந்ததில்லை. இன்று தோளிலிருந்து இடுப்புவரை புல்லின் பச்சைக் கறை. ஓஹியோக்காரருக்கு என்ன பதில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை துவைத்தும் எண்ணின் மேல் பச்சை அப்படியே இருந்தது. நாளைக் காலை மாட்ட வேண்டுமே என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.