விற்றுத் தீர்ந்த கவிதைகள்

என் மகள் ஜெயஸ்ரீக்கு என்ன நோய் என்று யார் கேட்டாலும் தைராய்டு என்றே சொல்லிவந்தேன். நான்கு வருடங்களாகச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு அறைக்குள் படுத்துக் கிடப்பவளை, குளிக்கவைக்கவே அரை நாள் கெஞ்சவேண்டியவளை, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம் என்று திருநெல்வேலியிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? தியாகராய நகரில் இரண்டு தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவள் தம்பி ராகேஷுக்கு அடையாற்றில் பெண் பேசியிருந்தோம். தை பிறந்தால் நிச்சயம்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கவிதைகள் புத்தகமாக வந்தன. கோடம்பாக்கத்தில் சின்னப் பதிப்பகம் நடத்தும் தமிழ்மாறன் என்பவர் அவளை நேரில் பார்க்காமல் போனிலேயே பேசி முடித்திருக்கிறார். அட்டையில் ஜெயஸ்ரீ தனபாலன் என்று இருந்தது. தனபாலன் நான்.

என் மனைவி சுந்தரவல்லி ஒரு பக்கத்தைப் பிரித்து வாசித்தாள்.

அப்பா என் நோய்க்கு
வேறு பெயர் வைத்திருக்கிறார்.
தைராய்டு என்று கூப்பிட்டால்
நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

"நல்லாத்தான எழுதியிருக்கா," என்றாள்.

"சம்பந்தி வீட்ல படிச்சா?"

"படிக்கட்டுமே. இல்லாததையா எழுதிட்டா?"

மறுநாளே கோடம்பாக்கம் போனேன். என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பள்ளி நூலகத்துக்கு என்று சொல்லி, இருந்த அத்தனை பிரதிகளையும் கேட்டேன்.

"அத்தினியுமா?" என்றார் தமிழ்மாறன். "கவித புக்கு சார் இது. கோல புக்கு இல்ல."

"தெரியும்."

"அப்ப குந்துங்க சார், டீ சாப்டுங்க. உங்கள மாதிரி ஆளப் பாத்து எம்மா நாளாச்சு!"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிவந்து, கடை குடோனில் புடவைப் பெட்டிகளுக்குப் பின்னால் அடுக்கினேன்.

நான்காம் நாள் காலை ஜெயஸ்ரீ தானாகவே குளித்து, தலை வாரி, சாப்பிட வந்து உட்கார்ந்தாள். சுந்தரவல்லி தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"புக்கு எல்லாம் வித்துப்போச்சாம்ப்பா. யாரோ பெரியவர் ஸ்கூலுக்குன்னு மொத்தமா வாங்கிட்டாராம். தமிழ்மாறன் சார் இன்னொரு தடவ அடிக்கலாமாங்கறார்."

"நல்லதும்மா."

"அந்த ஸ்கூல்ல யாரோ என்ன மாதிரி இருக்காங்கப்பா. இல்லன்னா எதுக்கு வாங்கணும்? நான் போய்ப் பாக்கணும். எந்த ஸ்கூல்னு விசாரிச்சுச் சொல்றீங்களா?"

இரண்டு தோசை சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பழகிய வேலைதான். ஆனால் அவள் நேரில் போய் நிற்பாள். அப்படி யாரும் வாங்கவில்லை என்பார்கள். அதற்குப் பிறகு அவள் படுத்தால் எழுப்புவதற்கு என்னிடம் தெம்பில்லை.

"வாங்குனது நான்தான். குடோன்ல இருக்கு."

"எதுக்குப்பா?"

"யாரும் படிச்சிரக் கூடாதுன்னு."

"வெளங்கும்!" என்று சுந்தரவல்லி அடுப்பை அணைத்தாள்.

ஜெயஸ்ரீ கை கழுவிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்று, "திருப்பிக் குடுத்துர்றேம்மா," என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "ஸ்கூல்ல வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லித்தான திருப்பிக் குடுப்பீங்க."

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"நானும் வரேன்," என்றாள்.

அன்று வரவில்லை. மறுநாளும் எழவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கசங்கிய சுடிதாரோடு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். குடோனிலிருந்த கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

பதிப்பகம் மாடியில். இரண்டு கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அவள் ஒன்றோடு பின்னால் வந்தாள். தமிழ்மாறன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா சார், ஸ்கூல்ல வாணான்ட்டாங்களா? இவங்க யாரு, டீச்சரா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கக் காத்து நின்றாள்.

"இவதான் ஜெயஸ்ரீ. நான் இவ அப்பா, தனபாலன். ஸ்கூல்னு சொன்னது பொய். பொண்ணுக்கு மனசு சரியில்லங்கறது வெளிய தெரியக் கூடாதுன்னு வாங்கிட்டுப் போனேன்."

தமிழ்மாறன் அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

அடையாற்றுச் சம்பந்தி வீட்டிலும் இதையே ஒருமுறை சொல்லவேண்டியிருக்கும். ஆட்டோவில் இன்னும் ஐந்து கட்டுகள் இருந்தன. படியிறங்கினேன்.