தெரிந்தே அனுமதித்தல்

டான்ஸ் கிளப் நடத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும் ஆள் மயங்கி விழுந்தால் முதலில் ஆம்புலன்சைக் கூப்பிடமாட்டார்கள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பின்வாசல் வழியாக நடைபாதையில் சாய்த்துவிட்டு, அப்புறம்தான் போன். "ரோட்டுல யாரோ விழுந்து கிடக்காங்க." உள்ளே விழுந்தால், போதைப்பொருளைத் தெரிந்தே அனுமதித்ததாக உரிமம் போய்விடும். வெளியே விழுந்தால் கிளப்புக்கு எதுவும் போகாது. விழுந்தவருக்குத்தான் உயிர் போகும்.

பக்கத்துத் தெருக் கிளப்பில் ஒருவனை அப்படி மழையில் சாய்த்துவைத்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் செத்துப்போனான். மறுநாள் அந்தக் கிளப் ஜோராகத் திறந்தது. நானும் அதே தொழில் செய்கிறவள். மாத்திரை போட்டுக்கொண்டு ஆட வருகிறவர்களை எந்தக் காவல்காரனாலும் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். சட்டம் போட்டவர்களுக்கும் தெரியும். ஆனால் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் ஒழுக்கமாம்!

போதை மிஞ்சி மூச்சு நின்றவர்களுக்கு மூக்கில் அடிக்கிற மருந்தை வாங்கி, பாட்டுப் போடுகிற மேடைக்கு அடியில் வைத்தேன். அதை எப்படி அடிப்பது என்று எங்கள் வாசல் காவல்காரனுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆள் மலைபோல் இருப்பான், மலை என்றுதான் கூப்பிடுவோம்; ஆனால் ஊசியைக் கண்டால் நடுங்குவான். "ஊசி இல்லயே மேடம்?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டான்.

போன மாதம் ஒரு பெண் கழிப்பறையில் விழுந்தாள். ஆடத் தெம்பு தரும் என்று யாரோ விற்ற மாத்திரையில் மூச்சை அடைக்கிற சரக்கைக் கலந்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது. மலை ஒரு தடவை அடித்தான், அசையவில்லை. இன்னொன்று அடித்தான். அவள் இருமி, அவன் சட்டை முழுக்க வாந்தியெடுத்து, "யாருடா நீ?" என்று கேட்டாள். நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆம்புலன்ஸ்காரர், "மருந்து எதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். பின்னாலேயே போலீஸ் நின்றது. மலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ரெண்டு குடுத்தேன் சார்" என்றான். எங்களுக்கு வினை அங்கேதான் ஆரம்பித்தது. மருந்து வாங்கி வைத்திருந்தால், உள்ளே போதைப்பொருள் வருமென்று எங்களுக்குத் தெரியும் என்று அர்த்தமாம். தெரிந்தால் குற்றம்.

வக்கீல் என் தம்பிதான். உரிம விசாரணையன்று காலை, அந்த அலுவலக வராந்தாவில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தான்.

"அக்கா, அந்த மருந்து மலையோடது, உனக்கு ஒண்ணும் தெரியாது. இவ்ளோதான் சொல்லணும். அவன வேலைய விட்டு எடுத்துட்டேன்னு சேர்த்துச் சொல்லு."

"அவன் தலையில கட்டச் சொல்றியா?"

"கிளப் வேணுமா வேணாமா?"

வேணும். இருபது வருஷ உழைப்பு அது. மலை ஒரு பக்கமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "பரவால்ல மேடம், எனக்கு வேற வாசல் கிடைக்கும்" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மனுஷன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் மிதிக்கத்தானே தோன்றும் எல்லாருக்கும்?

அறையில் ஒரு நீள மேசை. விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர், எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஓரத்தில் ஒரு அம்மா டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மருந்து யாருது?"

தம்பி என் காலை லேசாக மிதித்தான்.

"என்னுது. நான்தான் வாங்குனேன். நான்தான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப உள்ள போதை நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். உங்களுக்குந்தான் தெரியும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, சட்டத்த நான் எழுதல."

"யார் எழுதுனாலும் தப்பாத்தான் எழுதியிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அந்தப் பொண்ண நாங்க தொடாம, தூக்கி ரோட்டுல போட்டிருந்தா, அவ செத்திருப்பா. அப்ப என் மேல இந்தக் கேஸ் இருக்குமா?"

அவர் தம்பியைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர், பாவம்.

"இருக்காது" என்றார்.

"இத அப்படியே பதிவு பண்ணுங்க."

அதிகாரி வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் டைப் அடிக்கிற அம்மா அதை அடித்து முடித்துவிட்டார்.

அன்றே கிளப்புக்கு சீல் வைத்தார்கள். மலைக்கு இப்போதும் நான்தான் சம்பளம் கொடுக்கிறேன். அந்தச் சட்டப் பிரிவையே ரத்துசெய்யச் சொல்லி மேல்கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறோம். மனுவின் முதல் வரியாக தம்பி எழுதியிருக்கிறான்: அந்தப் பெண் செத்திருந்தால் என் கட்சிக்காரர் குற்றவாளி இல்லை.