ஆண் எலிகள் குடித்த மருந்து

பிள்ளை பெற்றவளுக்கென்று காய்ச்சிய மருந்தை ஆண் எலிக்குக் கொடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று முடிவு கட்டிய அதிசயம் மாத்தளையில் நடந்தது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். நிஷ்மியாவுக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது.

யாகூப் ஹாஜியாரின் வீட்டுக்குப் பின்னால் அவருடைய மருந்துத் தொழிற்சாலை. அதன் மூலையில் சின்னதாய் ஓர் ஆய்வுகூடம். மிளகும் சாதிக்காயும் விற்று நிமிர்ந்த மனிதர், இப்போது பிரசவித்த பெண்களுக்கு பாகுபோல் காய்ச்சிய மூலிகைப் பாணி ஒன்றைப் போத்தலில் அடைத்து விற்கப் புறப்பட்டிருந்தார். குடித்தால் உடம்பு தேறும், இரத்தம் ஊறும் என்று போத்தலிலேயே அச்சடித்தாயிற்று. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு நிமலன். எலிகளுக்கு மருந்தூட்டி, இரத்தம் எடுத்துச் சோதிப்பது நிஷ்மியா. உக்குவளைக்காரி, விஞ்ஞானம் படித்தவள், வாயாடி என்று வந்த முதல் மாதமே பெயரெடுத்தவள்.

"பொம்பள எலியயும் சேர்ப்போம் சேர்" என்று தொடக்கத்திலேயே கேட்டாள்.

"அதுங்களுக்கு நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா ஹோர்மோன் ஏறும், எறங்கும். கணக்கெல்லாம் குழம்பிப் போயிரும். ஆம்பள எலின்னா ஒரே சீரா இருக்கும்ங்க" என்றார் நிமலன்.

கெட்ட மனிதரில்லை அவர். காலங்காலமாக எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள் என்பது அவருடைய தைரியம். ஏறி இறங்குவதுதானே பெண் உடம்பு, அதை விட்டுவிட்டு யாருக்கு மருந்து காய்ச்சுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரி, பூனைக்கு நானே மணி கட்டுகிறேன் என்று இறங்கினாள். இனம் பெருக்குவதற்காக வளர்த்த எலிகள் பின்னறையில் குட்டி போட்டிருந்தன. பாதித் தாய்களுக்கு மருந்தும், மீதிக்கு வெறும் சீனிப்பாணியும் ஊட்டினாள். ஒளித்துச் செய்யவில்லை. கூடுகளின் மேல் அட்டை எழுதித் தொங்கவிட்டுச் செய்தாள். நிமலன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனார்.

தாய் எலிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது சங்கதி தெரிந்தது. உடம்பில் ஊறும் ஹோர்மோனை ஈரல் உடைத்துக் கழிக்க வேண்டும். உடைத்தது சிறுநீரோடு போய்விடும், அதுதான் ஒழுங்கு. இந்தப் பாணியில் இருந்த ஏதோ ஒரு வேர் அந்த வேலையைத் தடுத்தது. ஆண் எலியின் ஈரல் மருந்தையே வேகமாக உடைத்து வெளியே தள்ளிவிட்டது, அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தாய் எலிக்கு அந்த வேகம் இல்லை. மருந்து தங்கியது, ஈஸ்ட்ரஜன் கழியாமல் இரத்தத்தில் தேங்கியது. தேங்கி அளவு மீறினால் பால் வற்றும்.

குட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறந்த எலிக்குட்டியின் தோல் அவ்வளவு மெல்லியது. குடித்த பால் வயிற்றில் வெள்ளையாக வெளியே தெரியும். சீனிப்பாணி குடித்த தாய்களின் குட்டிகளுக்கு அந்த வெள்ளை இருந்தது. மருந்து குடித்தவற்றின் குட்டிகளுக்கு வெறும் சிவந்த வயிறு.

மதிலுக்கு அந்தப் பக்கம், ஹாஜியார் வீட்டில், ஒரு பச்சைப் பிள்ளை ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. ஹாஜியாரின் மகள் நிப்லா பெற்ற பிள்ளை. பெற்று இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. வாப்பாவின் மருந்தைக் காலையும் மாலையும் குடிக்கிறாள். காய்ந்த மார் என்று மாமியார் சொல்லிவிட்டுப் போனதாகத் தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. நிஷ்மியா குட்டிகளைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

முற்றத்தில் லொறிக்குப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. மலைக்கு அப்பால் லக்கலப் பக்கம் போகிற லொறி. அங்கே தாய்ப்பால் வற்றினால், டவுனுக்குப் போய்ப் பால்மா வாங்க பஸ்ஸுக்குக் காத்து நிற்பதற்குள் பிள்ளை வாடிவிடும்.

"இப்பப் போய்ச் சொன்னா வேல போயிரும்ங்க" என்றார் நிமலன், மெதுவாக.

"வேல போனா வேற வேல சேர். பால் போனா?"

இரண்டு தட்டுகளில் குட்டிகளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குள் போனாள். முன்னறையில் ஹாஜியார் தொலைபேசியில் இருந்தார். மேசைமேல் அவள் தட்டுகளை வைத்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எலிய எதுக்கு ஊட்டுக்குள்ள கொண்டாந்தீங்க மகள்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை வயிற்றையும் வெறும் வயிற்றையும் விரலால் காட்டினாள். லொறி போகக்கூடாது என்றாள். ஹாஜியாரின் முகம் சிவந்தது.

"எலிக்கும் மனிசிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆம்பள எலிக்கும் மனிசிக்கும் மட்டும் சம்பந்தம் இருந்திச்சா ஹாஜியார்? அத வெச்சித்தானே போத்தல்ல அச்சடிச்சீங்க?"

"எண்ட சோத்தத் திண்டுட்டு எனக்கே..."

"ஒங்க சோறில்ல, நான் ஒழச்ச சோறு. நாளைக்கு வரவேணாம் எண்டு சொல்லுங்க, வரமாட்டேன். ஆனா இந்த முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க உடமாட்டேன். லக்கலயில எறங்கி வீடு வீடாச் சொல்லுவேன்."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஹாஜியார் எழுந்தார். அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். மடக்கு மடக்கென்று பாதிப் போத்தலைக் குடித்து, தாடியைத் துடைத்தார்.

"பாத்தீங்களா? எனக்கு என்ன ஆகிச்சு? கல்லு மாதிரி நிக்கிறேன்!"

வாசல் திரை விலகியது. நிப்லா, தலையில் முக்காடு, கையில் அழுகிற பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மேசைக்கு வந்து வெறும் வயிற்றுக் குட்டிகளைக் குனிந்து பார்த்தாள். அழுது அழுது வீங்கிய கண்கள், இப்போது அழவில்லை.

"இது நெசமா ராத்தா? குத்தம் எண்ட ஒடம்புல இல்லையா?"

"இல்ல நிப்லா. மருந்த நிப்பாட்டுங்க, கிளினிக்ல காட்டுங்க. புள்ளய மார்ல போட்டுக்கிட்டே இருங்க, பால் திரும்ப ஊறும்."

நிப்லா வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "இருங்க வாப்பா" என்றாள். அவர் உட்கார்ந்தார். பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

"ஒங்களுக்கு ஒண்டும் ஆகல்லதானே. நல்லம். இப்ப நீங்களே பால் குடுங்க."

பிள்ளை முகத்தைத் திருப்பித் திருப்பி ஹாஜியாரின் சட்டையில் வாய்வைத்துத் தேடியது. ஒரு பொத்தானைக் கவ்வி உறிஞ்சியது. ஒன்றும் வராமல் வீரிட்டது. மறுபடியும் தேடியது. ஹாஜியாருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மகளைப் பார்த்தார், அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே லொறி உறுமியது.

"றம்ஸி! நிப்பாட்டு லொறிய! பெட்டியெல்லாத்தயும் எறக்கு!" என்று வெளியே லொறிக்காரனுக்குக் கேட்கக் கத்தினார் ஹாஜியார்.

முதல் பெட்டி முற்றத்தில் இறங்கும்வரை நிப்லா பிள்ளையைத் திரும்ப வாங்கவில்லை.