முப்பத்தைந்து வயதுக்காரர்கள்

உலகக் கிறிஸ்தவ வாலிபர் ஒன்றியத்தின் கண்டிக் கிளைத் தலைவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அகில உலகத் தலைவருக்கு எழுபத்தொன்று. வாலிபத்தை வாலிபரிடம் நம்பிக் கொடுக்க முடியாது என்பது அந்த இயக்கத்தின் எழுதப்படாத கொள்கை.

கிளைத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். பாட்டனார் காலத்திலேயே குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்டது. பெயருக்குள் இருந்த முருகனை மட்டும் யாரும் எழுப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் இளையவர்களுக்கு வழிவிடப் போவதாக அவர் உருக்கமாக அறிவிப்பார். வழியில் நிற்பவரை நகரச் சொல்லத் துணிவில்லாத இருபத்து மூன்று அங்கத்தவர்களும் மறுபடி அவரையே தெரிவுசெய்வார்கள். இப்படிப் பன்னிரண்டு வருடங்கள்.

1984 மே மாதம் ஜெனீவாவிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரே வருடத்தில் இருபத்து மூன்று அங்கத்தவரிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு வளர்ந்த கண்டிக் கிளை ஆசியாவுக்கே முன்மாதிரி; உலகத் தலைவர் டாக்டர் ஹென்றிக்சனும் பொதுச் செயலாளரும் அந்த ஆன்மிக எழுப்புதலை நேரில் காண வருகிறார்கள். ஸ்ரீஸ்கந்தராசா கடிதத்தை நான்கு தரம் வாசித்தார். ஐந்தாவது தரம் மனைவி கமலாசனிக்கு வாசித்துக் காட்டினார். அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

அந்த எழுப்புதல் நடந்தது இப்படித்தான்.

கிளையின் செயலாளர் பரமநாதன், மாநகர சபையில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் எழுந்து நிற்கிற மனிதர். முந்தைய வருடம், தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டுக்கலைப் பக்கம் தமிழர் கடைகள் எரிய, சனம் வாவிக்கு மேலே மேட்டில் இருந்த ஒன்றியத்தின் மண்டபத்துக்கு ஓடி வந்தது. கதவைத் திறக்க அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. திறந்த பிறகுதான் ஏழாம் விதி நினைவுக்கு வந்தது: அங்கத்தவர் அல்லாதோர் மண்டபத்தில் இராத்தங்கக் கூடாது. உடனே வாசலில் ஒரு மேசையைப் போட்டுப் பதிவேட்டை விரித்தார். வெளியே ஊர் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பரமநாதன் தகப்பன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாலிபருக்கு வயதெல்லை முப்பத்தைந்து. ஆகையால் அன்று பதிந்த நூற்று அறுபத்தெட்டுப் பேருக்கும் முப்பத்தைந்து வயது. பொக்கை வாய்க் கிழவருக்கும் முப்பத்தைந்து. ஞானஸ்நானத் திகதி என்ற கூட்டில், பின்னர் அறிவிக்கப்படும் என்று எழுதினார். கோயிலில் மணியடிப்பவர் ஒருவரும், தையல்காரர் லாபிரும் அதில் அடக்கம். லாபிர் முஸ்லிம், அயல்வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர், ஊரடங்கு போட்டதால் தானும் மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் வாசலுக்கு ஒரு கும்பல் வந்தபோதும் பரமநாதன் அந்தப் பதிவேட்டைத்தான் தூக்கிக் காட்டி, இவர்கள் எல்லாரும் எங்கள் அங்கத்தவர் என்று சிங்களத்தில் சொன்னார். கும்பல் ஏன் திரும்பிப் போனது என்பது யாருக்கும் தெரியாது. அதன் அட்டையிலிருந்த ஜெனீவா முத்திரையைக் கண்டு பயந்துவிட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

ஸ்ரீஸ்கந்தராசா அந்த நாட்களில் நைரோபியில் இருந்தார். அங்கே ‘வாலிபரும் சமாதானமும்’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோது வீட்டு முன்கண்ணாடி உடைந்திருந்தது. பயந்துபோனீரோ என்று மனைவியைக் கேட்டார். பக்கத்தில ஆக்கள் இருந்தவை என்றார் கமலாசனி. கணவருக்கு அது போதுமாயிருந்தது. வருட முடிவில் பரமநாதன் பதிவேட்டில் உள்ளபடியே அறிக்கை எழுதி நீட்டினார். தலைவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

வந்தவர்கள் மெல்ல மெல்லக் கலைந்து போனார்கள். அன்னலட்சுமி மட்டும் போகவில்லை. கட்டுக்கலையில் கணவன் நடராஜாவோடு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவள். நிஜ வயது ஐம்பத்தெட்டு. மண்டபம் வரை அவளைக் கூட்டி வந்து விட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரனின் தாயைத் தூக்கிவரத் திரும்பிப் போன நடராஜா வரவில்லை. பொலிஸிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. அவள் சாமான் அறையில் பாய் போட்டுக்கொண்டு, மண்டபத்தைக் கூட்டி, தேநீர் ஊற்றி, பதினொரு மாதமாக இருந்தாள். மடுல்கெல்லைத் தோட்டத்தில் இருந்த தம்பி கூப்பிட்டும் போகவில்லை. அவரு என்னய விட்ட எடம் இதுதான், தேடுனா இங்கதான் தேடுவாரு என்பாள்.

உலகத் தலைவர் பார்க்கும்போது எழுப்புதலுக்கு நடுவே ஒரு அகதி இருப்பது அழகில்லை என்று ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பட்டது. நாவலப்பிட்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தார். வான், விருந்தினர் வரும் அன்றைக்குப் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. அதுவரை சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று பரமநாதன் மூலம் சொல்லியனுப்பினார். பரமநாதன் அதைச் சொல்லிவிட்டு, தன் விதிப் புத்தகத்தில் அங்கத்தவரை வெளியேற்றும் முறை எதுவென்று ஒரு மணி நேரம் தேடினார். சபைக் கூட்டம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்றெல்லாம் இருந்தது. தலைவரிடம் சொன்னார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் பரமநாதன் புத்தகத்தை மூடினார்.

எழுப்புதலுக்கு ஆள் வேண்டுமே என்று, மூன்று பாடசாலைகளிலிருந்து மாணவர்களைக் கூட்டி வந்து கதிரைகளில் இருத்தியிருந்தார்கள். மாலை, வரவேற்புரை, பாட்டு எல்லாம் ஒழுங்காக நடந்தன. டாக்டர் ஹென்றிக்சன் மலைப்பாதையில் வயிறு கலங்கி வந்தவர். வெளிறிய முகத்தோடு எல்லாவற்றுக்கும் புன்னகைத்தார். பொதுச் செயலாளர் படம் எடுத்தார். பிறகு ஹென்றிக்சன் கிழவர் எழுந்து, தான் போகிற கிளைகளில் எல்லாம் ஒரு வழக்கம் வைத்திருப்பதாகச் சொன்னார். அங்கத்தவர் பதிவேட்டைத் தானே வாசிப்பார். பெயருக்குரியவர் எழுந்து, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

பரமநாதன் விதிப்படி பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்ரீஸ்கந்தராசா மேடையில் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

முதல் இருபத்து மூன்று பெயர்களில் பதினொருவர் எழுந்தார்கள். இருபத்து நான்காவது பெயர் செல்லச்சாமி. கிழவர் அதை மூன்று துண்டாக உடைத்து வாசித்தார். யாரும் எழவில்லை. அடுத்தது சுந்தரி. அடுத்தது கமலம். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். கிழவர் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்துவிட்டு மறுபடியும், கமலம், என்றார்.

சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற அன்னலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

“கமலம் இந்தியாவுக்குப் போயிருச்சுங்க. செல்லச்சாமியும் சுந்தரியும் வவுனியாவுல இருக்காங்க. காயிதம் வந்துச்சு.”

பரமநாதன் அதை மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பதை விட்டால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கிழவர் தலையசைத்து அடுத்த பெயரை வாசித்தார். அவளும் சொன்னாள். இவர் ஹுன்னஸ்கிரியவில் மகளோடு. இவர் அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் போனார், பிறகு தகவல் இல்லை. லாபிர் நானா இன்றைக்குக் கலியாண வீடு, இல்லாவிட்டால் வந்திருப்பார். கோயில் மணிக்காரர் மாசியில் தவறிப்போனார். சிரித்த பையன் இப்போது குனிந்திருந்தான். பொதுச் செயலாளர் கமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்றாவது பெயர் அன்னலட்சுமி. அவள் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, “இருக்கேங்க,” என்றாள்.

அடுத்த பெயர் நடராஜா. மண்டபத்துக்கு வந்த அன்று, மாலைக்குள் வந்துவிடுவார், பிறகு இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கெஞ்சி முற்கூட்டியே எழுதுவித்த பெயர்.

“இன்னும் வரல்லீங்க,” என்றாள். “வருவாரு.”

பரமநாதன் வாயைத் திறந்தார். மொழிபெயர்ப்பு வரவில்லை. கிழவர் காத்திருந்தார், பிறகு அது வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.

“கமலாசனி ஸ்ரீஸ்கந்தராசா.”

மேடையில் ஸ்ரீஸ்கந்தராசா சட்டென்று நிமிர்ந்தார். முதல் வரிசையில் பட்டுச் சேலையோடு இருந்த அவர் மனைவி எழுந்து நின்றார்.

“ஓம், இருக்கிறன்,” என்றார்.

நூற்றுத் தொண்ணூற்றோராவது பெயர் வரை டாக்டர் ஹென்றிக்சன் வாசித்தார். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. மதியச் சாப்பாடு ஆறியது. முடிந்ததும் பரமநாதன் ஏழாம் விதியைப் பற்றியும் முப்பத்தைந்து வயதைப் பற்றியும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அறிக்கை பிழைதான் என்று தலைகுனிந்தார். கிழவர் பதிவேட்டை மூடாமலே அவரிடம் திருப்பிக் கொடுத்தார். நல்ல கையெழுத்து என்று மட்டும் சொன்னார்.

விருந்தினர் கையலம்பப் போனபோது ஸ்ரீஸ்கந்தராசா மேடையிலிருந்து இறங்கி வந்தார். பன்னிரண்டு வருடங்களில் அந்த மேடைக்கு மூன்று படி இருப்பதை அன்றுதான் கண்டவர் போல ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கினார்.

“நீர் எனக்கு இதைச் சொல்லேல்லையே,” என்றார் மனைவியிடம்.

“நீங்கள் நைரோபியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீங்கள்.”

கமலாசனி குரலைத் தாழ்த்தினார். “அந்த மனுசி தன்ர பாயை எனக்குத் தந்திட்டு வெறும் சீமெந்தில கிடந்தவ. தன்ர மனுசனைக் காணேல்லை எண்டு அழவேண்டியவ, என்ர தலையைத் தடவிக்கொண்டிருந்தவ. அவவை அனுப்பிறதெண்டால் நானும் அந்த வானில ஏறுறன். நானும் அங்கத்தவர்தானே.”

ஸ்ரீஸ்கந்தராசா பரமநாதனைக் கூப்பிட்டு, நாவலப்பிட்டிக்கு வான் தேவையில்லை என்று சொல்லச் சொன்னார். வழக்கமாக ஒரு வசனத்தை மூன்று தரம் சொல்லுகிறவர், அதை ஒரு தரம்தான் சொன்னார். பிறகு சமையலறைக்குப் போனார். அன்னலட்சுமி ஆறிய கறியைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள். தலைவரைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு ஒதுங்கினாள்.

அவர் என்னவோ சொல்லத்தான் வந்தார். நாற்பது நிமிடம் பேசக்கூடிய வாய்.

“அண்டைக்கு… இவ எவ்விடத்தில படுத்திருந்தவ?” என்று கேட்டார்.

“அம்மா அந்த சன்னலுக்குக் கீழதாங்க. படுத்தாங்களே தவிர தூங்கலைங்க ஐயா. வெளிய பிளேன் சத்தம் கேட்டா, இதுல வாறாரோ, இதுல வாறாரோன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. கண்டியில ஏதுங்க பிளேன், லொறிச் சத்தம்தான். நானும் ஆமாம்மா, வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அப்பறம் அதையே அவங்க எனக்குச் சொல்லுவாங்க.”

ஸ்ரீஸ்கந்தராசா அந்த ஜன்னலுக்குக் கீழே இருந்த வெறும் சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தினரோடு சாப்பிட வரும்படி இரண்டு தரம் ஆள் வந்து கூப்பிட்டது. அவர் போகவில்லை.