மோட்டாரைத் தூக்க எந்தக் கயிறு

பதினோரு மாடி ஏறி மெஷின் ரூமுக்குள் நுழைந்தபோது அண்ணிக்கு மூச்சு வாங்கியது. லிப்ட் ரிப்பேருக்கு வருகிறவர்கள் படியேறித்தான் வந்தாக வேண்டும். தொழிலின் தலையெழுத்து அப்படி. கொழுந்தன் முன்னாடியே வந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் எட்டு வருஷமாகச் சேர்ந்து பார்க்கிற வேலை இது. வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர்.

மோட்டாரில் பேரிங் போய்விட்டது. மாற்றுவதற்கு மோட்டாரை ஒரு முழமாவது தூக்க வேண்டும். மேலே குறுக்கே ஓடும் இரும்பு உத்தரத்தில் கயிற்றைச் சுற்றி, எடை தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை மாட்டி இழுக்க வேண்டியதுதான். அவன் பையிலிருந்து எடுத்தது நைலான் கயிறு.

"கம்பிக் கயிறு எங்கே?"

"கீழே வண்டியில. அதைச் சுமந்துக்கிட்டு ஏறினா என் இடுப்பு கழண்டுடும் அண்ணி. இதுவும் ரெண்டு டன் தாங்கும், கயித்துல தொங்குற சீட்டுல போட்டிருக்கு பாருங்க."

போட்டுத்தான் இருந்தது. மோட்டார் அரை டன்கூடத் தேறாது. ஆனாலும் அவள் ஏணியில் ஏறி உத்தரத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். வெட்டிய இரும்பு, அரத்தால் ராவி மழுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

"எடையைத் தாங்கும், சரி. இந்த ஓரத்துல உரசினா?"

"தாங்காம எங்கே போகும்?"

"பார்த்துடலாமா?"

கழித்துப்போட்ட நைலான் துண்டு ஒன்று பையின் அடியில் கிடந்தது. அதை உத்தரத்தில் போட்டு, மூலையில் கிடந்த இரும்புப் பாளங்கள் இரண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டார்கள். கயிறு அசையவில்லை. "சொன்னேன்ல?" என்றான். அவள் கதவோரம் நின்று நீளக் கட்டையால் பாளத்தைத் தள்ளி ஆட்டினாள். பத்து, இருபது. ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கயிற்றிலிருந்து பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. கேலி பண்ணிக்கொண்டிருந்தவனும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தான். நாற்பத்தொன்றில் பாளங்கள் 'தொம்'மென்று விழுந்தன.

"அடேயப்பா!" என்றவன், யாரும் சொல்லாமலே படியிறங்கிப் போனான்.

கம்பிக் கயிற்றோடு வியர்த்து வழிய வந்தவன் அதை மோட்டாரில் சுற்றப் போனான். சட்டென்று நின்றான். மோட்டாரின் உடம்பு முழுக்கச் சூடு தணிய வரிவரியாக மெல்லிய அலுமினியத் தகடுகள்.

"அண்ணி, இது மேல கம்பி இறுகினா என்ன ஆகும்?"

"எனக்கும் தெரியலையே. அழுத்திப் பாரு."

ஒரு தகட்டின் நுனியில் அழுத்தினான். மெழுகு மாதிரி வளைந்துகொடுத்தது.

"அப்போ மேலே கம்பி, கீழே நைலான்!"

அவளும் அதையேதான் சொல்ல வாயெடுத்தாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். உத்தரத்தின் ஓரத்தில் ரப்பர் பட்டையை மடித்து வைத்து அதன்மேல் கம்பிக் கயிற்றைச் சுற்றினாள். புது நைலான் கயிற்றை மோட்டாருக்கு அவன் கட்டினான். சங்கிலியை இழுக்க இழுக்க மோட்டார் நலுங்காமல் எழும்பியது.

மத்தியானத்துக்குள் பேரிங் மாறி லிப்ட் ஓடியது. கிளம்பும்முன் அவள் சாக்பீஸால் சுவரில் எழுதினாள்: 'உத்தரத்தின் ஓரம் கூர்மை. கயிறு போடுகிறவர்கள் தடவிப் பார்க்கவும்.'