ஒன்று எங்கே விழுகிறது

எது தப்பாகப் போனாலும் முதலில் மச்சானை முறைப்பது கட்டைக்கம்பியின் பழக்கம். தடித்த நாலு கம்பி போட்ட பேஸ் கிட்டார் வாசிப்பதால் வந்த பட்டப்பெயர் அது. ஜாஸ், ராப், ஆப்பிரிக்கத் தாளம் மூன்றையும் ஒரே பாட்டில் சேர்த்துக் காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற ஆசாமி. வீட்டுப் பின்னறை ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்து, அதையே ஸ்டுடியோவாக்கியிருந்தான். எட்டுப் பாட்டு முடிந்தாயிற்று. ஒன்பதாவதுதான் அவன் உயிர். அது இல்லாமல் ஆல்பம் வெளியே போகாது என்று சொல்லிவிட்டான்.

அதற்காகத் தமிழ் நன்றாகப் பேசுகிற ஆப்பிரிக்க டிரம்மர் ஒருத்தி வந்து இரும்பு மணியும் டிரம்மும் வாசித்துக் கொடுத்தாள். ஒரே நிபந்தனை: முடிந்த பாட்டை அவள் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். அவள் தாளத்தின்மேல் இவன் பேஸ் வாசித்தான், ஜாஸ் பியானோ வைத்தான். ராப் பாட வந்தது மனைவியின் தம்பி, அந்த மச்சான்தான்.

அங்கேதான் வினை. மச்சான் ஒவ்வொரு வரியையும் ஒரு துளி பிந்தியே பாடினான். "தாளத்துல நில்லுடா" என்று பதினெட்டு தடவை பாட வைத்தும் அதே கதை. பொறுமை போய், கட்டைக்கம்பி கம்ப்யூட்டரில் அவன் வரிகளைத் துண்டு துண்டாக வெட்டி முன்னால் நகர்த்தினான். மச்சானும் ரோஷக்காரன். "என் குரலையா மாமா வெட்டுறீங்க? இனி இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன்தான். மூன்று வாரமாகிறது.

இன்று காலை டிரம்மர் வந்தாள். பாட்டு ஓடியது. தாளம் போட அவள் வலது கால் மேலே எழுந்தது, கீழே வரவேயில்லை. கட்டைக்கம்பி பாட்டை நிறுத்தினான்.

"காலை எங்க வைக்கிறதுன்னே தெரியலைங்க. உங்க கணக்குல ஒண்ணு, அதான் தாளம் தொடங்குற அடி, எங்க விழுது?"

"மணியோட முதல் அடி. அதுதானே?"

"அதா? அது தாளத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி நான் தட்டுற முன்னடி. ஒண்ணு அதுக்கு அடுத்த அடி." தரையில் மிதித்துக் காட்டினாள். "இப்படியே விட்டா நான் சரி சொல்ல மாட்டேன்."

இருபது வருஷமாக பேஸ் வாசிக்கிற மனுஷன், ஒன்று எதுவென்றே தெரியாமல் ஒரு முழுப் பாட்டைக் கட்டியிருக்கிறான், கேளுங்கள்! வாயை மூடிக்கொண்டு பேஸையும் பியானோவையும் அவள் கால் விழுகிற இடத்துக்கு இழுத்து வைத்தான். இரண்டும் பொருந்தி உட்கார்ந்தன. மச்சான் குரல் மட்டும் முந்திக்கொண்டு ஓடியது.

அதையும் இழுக்கப்போன கை பாதியில் நின்றது. வெட்டாத பழைய பதிவு கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. சும்மா போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு வரியும் அவள் காலோடு சேர்ந்து இறங்கியது. இன்னொரு பதிவைப் போட்டான். அதுவும் அப்படித்தான். டிரம்மர் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.

"இது சரி. இப்படியே வெளியிடுங்க" என்றாள். "யாருங்க இவர்? நான் வாசிச்சதை இவர் மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டிருக்கார்."

பாட்டு பிழைத்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் மறுபக்கம். காதெல்லாம் சுட, கட்டைக்கம்பி போனை எடுத்தான்.

"அக்காவுக்கு ஏதாவதா?" என்றான் மச்சான் எடுத்ததும்.

"அக்கா நல்லா இருக்கா. நீ தாளத்துலதான்டா இருந்தே. தப்பான இடத்துல நின்னது நான். மன்னிச்சுடு."



"மூணு வாரமா நான் பாடவேயில்லை மாமா. எனக்குத் தாளமே வராதுன்னு நினைச்சுட்டேன்."

கட்டைக்கம்பி போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து ஓட விட்டான். இரண்டாவது வரி வந்தபோது, போனுக்குள்ளிருந்து மச்சானும் சேர்ந்து பாட ஆரம்பித்தான்.